ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை ட்யூன் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கொண்டு இயங்கும் ஏர் ரைஃபிள்களுக்கானது. பேரலை மடக்கிக் காக் செய்யும் (ஸ்பிரிங்கை அழுத்திச் சுடத் தயாராக்கும்) பிரேக் பேரல், அடியில் நெம்புகோல் உள்ள அண்டர்லீவர், பக்கத்தில் நெம்புகோல் உள்ள சைடுலீவர் மூன்றுக்கும் இது பொருந்தும். காற்றை முன்கூட்டியே அடைத்துவைக்கும் பிசிபி ரகத்துக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் ரகத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தாது.

ட்யூனிங் என்றால் வேகத்தைக் கூட்டுவதா?

இல்லை. இந்த எண்ணத்தோடு தொடங்குபவர்கள்தான் நல்ல துப்பாக்கியைக் கெடுத்துவிடுகிறார்கள். ட்யூனிங் என்பது உள்ளே இருக்கும் தேவையில்லாத இடைவெளிகளை அடைப்பது, உராயும் இடங்களைச் சரிசெய்வது, சரியான கிரீஸைச் சரியான அளவில் வைப்பது. அவ்வளவுதான். இதைச் செய்தபின் வேகம் கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையவும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு ஷாட்டும் முந்தைய ஷாட்டைப் போலவே இருக்கும். குறி சேருவது அதனால்தான்.

விசையை இழுத்தபின் உள்ளே என்ன நடக்கிறது?

இது புரிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். பிஸ்டனைப் பிடித்து நிற்கும் கொக்கிக்கு சியர் என்று பெயர். விசையை, அதாவது டிரிகரை, இழுத்ததும் சியர் விலகுகிறது. அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே எறிகிறது. சிலிண்டரில் இருந்த காற்று நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நசுங்கி, டிரான்ஸ்ஃபர் போர்ட் என்னும் சின்னத் துளை வழியே பெல்லட் என்னும் ஈயக் குண்டின் பின்னால் பாய்கிறது.

கவனிக்க வேண்டியது, பெல்லட் நகரத் தொடங்கும்போது பிஸ்டன் தன் ஓட்டத்தைக் கிட்டத்தட்ட முடித்திருக்கும். பிஸ்டன் முன்னே பாய்வதால் துப்பாக்கி அதற்குள்ளாகவே பின்னே உதைத்திருக்கும். பிறகு, நசுங்கிய காற்று மெத்தை போல பிஸ்டனைத் தடுக்கும்போது துப்பாக்கி முன்னே இழுபடும். அந்த மெத்தையில் பட்டு பிஸ்டன் சற்றுப் பின்வாங்கி, மறுபடி முன்னே போய் அமரும். இத்தனை ஆட்டத்துக்கும் நடுவில்தான் பெல்லட் பேரலுக்குள் பயணம் செய்கிறது. அதனால்தான் ஸ்பிரிங் துப்பாக்கி பிடிக்கும் விதத்துக்கு இவ்வளவு நுணுக்கமாக வினையாற்றுகிறது. சாதாரணத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இதன்மேல் உடைந்துபோவதற்கும் பின்னே உதைத்து முன்னே இழுக்கும் இந்த இரட்டை உதைதான் காரணம்.

பிரிப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

குறி சிதறும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைப் பிரிக்கவே தேவையிருக்காது. கோளாறு வெளியிலேயே இருக்கும்.

முதலில் துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையின் ஸ்க்ரூக்கள். முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று, டிரிகர் கார்டில் ஒன்று அல்லது இரண்டு இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியின் அதிர்வில் இவை தளர்வது இயல்பு. கால் சுற்றுத் தளர்வே குறியைச் சிதறடிக்கப் போதும். கழற்றி, மரையிலுள்ள எண்ணெயைத் துடைத்து, நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு வைத்து முடுக்குங்கள். சிவப்புப் பசை வேண்டாம், அதைச் சூடாக்காமல் பின்னால் கழற்ற முடியாது. பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் மரம் நசுங்கும், நசுங்கிய மரம் மறுபடி தளரும். மரத்துக்கும் ஸ்க்ரூத் தலைக்கும் நடுவில் கிண்ண வடிவ உலோக வாஷர் இருப்பது நல்லது.

அடுத்தது, பிரேக் பேரல் என்றால் பேரலின் கீல். காக் செய்துவிட்டு, நெம்பிய கையை எடுக்காமலே பேரலை மெதுவாக நடுவழியில் நிறுத்திப் பாருங்கள். அது தன் எடையால் தொங்காமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பேரலை மூடியபின் பக்கவாட்டில் ஆட்டினால் துளியும் அசையக் கூடாது. அசைந்தால் கீல் போல்ட்டை முடுக்குங்கள். முடுக்கியும் ஆட்டம் போகவில்லை என்றால் இருபக்க வாஷர்கள் தேய்ந்திருக்கும். பெல்லட் துளைகள் இடவலமாகப் பரவினால் சந்தேகம் முதலில் இங்கே போகட்டும்.

மூன்றாவது ஸ்கோப். துப்பாக்கியின் உடலான ரிசீவர் மேல், ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் ஊர்கிறதா என்று பார்க்க, மவுண்டின் பின் விளிம்பை ஒட்டி ரெயிலில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். 30 ஷாட் கழித்து மவுண்ட் கோட்டோடு ஒட்டி இல்லாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. நிறுத்து முள் உள்ள மவுண்ட் வாங்கி, அந்த முள்ளை ரெயிலில் உள்ள குழியில் இறக்குங்கள். ஸ்கோப்பே கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இரும்புக் குறிகளை வைத்துச் சுட்டுப் பாருங்கள், அல்லது நம்பகமான வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்று சொல்லி விற்கும் ஸ்கோப்பைத் தவிர வேறெதையும் இதில் மாட்ட வேண்டாம்.

கடைசியாகப் பேரலின் வாய் விளிம்பு. பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்து விளிம்பைச் சுற்றி வாருங்கள். பஞ்சு நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.

எந்த பெல்லட் நல்லது?

உங்கள் பேரலுக்குப் பிடித்தது எதுவோ அது. மழுப்பலாகத் தோன்றும், ஆனால் வேறு நேர்மையான பதில் கிடையாது. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு பேரல்கள்கூட வேறு வேறு பெல்லட்டைக் கேட்கும்.

தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லலாம். கிரெய்ன் என்னும் எடையளவில், 4.5 மில்லிமீட்டர் பேரலுக்கு 7.5 முதல் 8.7 கிரெய்ன் வரை, 5.5 மில்லிமீட்டருக்கு 13 முதல் 16 கிரெய்ன் வரை, வட்டத் தலை பெல்லட். கூர்முனை பெல்லட்டும் தட்டைத் தலை பெல்லட்டும் 25 மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் சிதறும். தட்டைத் தலை 10 மீட்டர் காகித இலக்குக்கு உரியது, அங்கே அது வெட்டும் துளை சுத்தமாக இருக்கும். பெல்லட்டின் தலை அளவு 4.50, 4.51, 4.52, 4.53 என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். இந்த நூறில் ஒரு பங்கு வித்தியாசமும் குறியில் தெரியும்.

எடை விஷயத்தில் ஒரு பொறியியல் காரணமும் உண்டு. மிக லேசான பெல்லட் சீக்கிரமே நகர்ந்துவிடுவதால் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை உருவாவதில்லை. பிஸ்டன் சிலிண்டரின் முன்சுவரில் நேராகப் போய் அடிக்கும். மிகக் கனமான பெல்லட் தாமதமாக நகரும். அதற்குள் அழுத்தம் ஏறி பிஸ்டன் பலமாகப் பின்னே துள்ளும். இரண்டுமே முரட்டு உதையாகத்தான் கைக்குத் தெரியும். ட்யூனிங்கே செய்யாமல், பெல்லட்டை மட்டும் மாற்றி உதை மென்மையானால் அதுவே பாதி வெற்றி.

புதுவகை பெல்லட்டுக்கு மாறும்போது முதல் 20 ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரலில் அந்த ஈயம் சீராகப் படிய அவ்வளவு தேவை.

துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்க வேண்டுமா?

கூடாது. முன்கையின் உள்ளங்கையைத் திறந்து வைத்து, கட்டை அதன்மேல் சும்மா கிடக்கட்டும். விரல்களால் பற்ற வேண்டாம். பின்கட்டை தோளில் லேசாகத் தொட்டிருந்தால் போதும், கன்னத்தைப் போட்டு அழுத்தவும் வேண்டாம். துப்பாக்கி தன் இஷ்டப்படி பின்னே போய் முன்னே வரட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போய் வந்தால் பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும். முன்கையை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே குறி இடம் மாறுவதைப் பார்க்கலாம். அதனால் சரியான இடம் தெரிந்ததும் கட்டையின் அடியில் ஒரு சின்ன நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான மணல்மூட்டையிலோ மேசை விளிம்பிலோ கட்டையை நேராக வைத்தால் குறி எகிறும். ஷாட் போனபிறகும் ஒரு நொடி குறியிலேயே கண்ணை வைத்திருங்கள்.

முன்னேற்றம் உண்மையா என்று எப்படி அளப்பது?

மூன்று ஷாட் அருகருகே விழுந்தது என்பது சான்றாகாது, அது தற்செயலாகவும் அமையும். காற்றில்லாத இடத்தில் 25 மீட்டரில் பத்து ஷாட் கொண்ட குழுக்கள் ஐந்து சுடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் மிக விலகிய இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை வெர்னியரால் அளந்து, ஐந்தின் சராசரியை எழுதிவையுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி ஐந்து. ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கூடவே குரோனோகிராஃப் என்னும் வேகமானி ஒன்று அவசியம். ஆற்றலைக் கணக்கிடுவது எளிது: எடையைக் கிலோகிராமில் வைத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். 8.44 கிரெய்ன் பெல்லட் 0.547 கிராம். அது நொடிக்கு 238 மீட்டரில் போனால் சுமார் 15.5 ஜூல். ஆற்றலைவிட முக்கியமானது, பத்து ஷாட்டில் மிக அதிக வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். நொடிக்கு 3 முதல் 5 மீட்டருக்குள் நின்றால் துப்பாக்கி ஆரோக்கியமாக இருக்கிறது. 10 மீட்டருக்கு மேல் போனால், பிஸ்டனின் முன்முனையில் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கும் சீலிலோ கிரீஸிலோ கோளாறு உண்டு.

சுட்டதும் "டொய்ங்" என்று ஸ்பிரிங் ரீங்கரிக்கிறது. ஏன்?

ஸ்பிரிங்குக்கு உள்ளே இடம் அதிகமாக இருக்கிறது. பின்பக்கம் ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டு கைடு. முன்பக்கம் பிஸ்டனுக்குள் உட்காரும் தொப்பி வடிவத் துண்டு டாப் ஹேட். தொழிற்சாலையில் பொருத்தும் கைடு பல நேரம் ஒரு மில்லிமீட்டர்வரை லூஸாக இருக்கும். பிஸ்டன் நின்றதும் ஸ்பிரிங் அந்த இடைவெளியில் பக்கவாட்டில் அதிர்ந்து கைடையும் பிஸ்டன் சுவரையும் மாறி மாறி அடிக்கிறது. அந்த ஒலிதான் காதில் விழுவது. ஸ்பிரிங் வளைந்திருந்தாலும், அதன் முனைகள் தட்டையாக இல்லாவிட்டாலும் இது இன்னும் மோசமாகும்.

கெட்டி கிரீஸைக் கொட்டி ஒலியை அடக்குவது தற்காலிக வேலை. குளிரில் அந்த கிரீஸ் இறுகி வேகத்தைக் குறைக்கும். நிரந்தர மருந்து, ஸ்பிரிங்கின் உள்விட்டத்துக்கு ஏற்பக் கடைந்த, டெல்ரின் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன கைடு. ஸ்பிரிங்கைக் கையால் முறுக்கித் தள்ளினால்தான் அதில் ஏற வேண்டும். கைடைச் செங்குத்தாகப் பிடித்துத் தலைகீழாக்கினால் ஸ்பிரிங் தானாக விழக் கூடாது. இவ்வளவு இறுக்கம் உராய்வாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஸ்பிரிங் அழுந்தும்போது அதன் சுருள்கள் சற்று விரிந்துகொள்ளும், கைடிலிருந்து தானே விடுபடும். முழுக்க நீளும் கடைசி நொடியில், அதிர வேண்டிய நேரத்தில், மறுபடி கைடைக் கவ்விக்கொள்ளும்.

அதே விரிவுதான் வெளிப்பக்கத்தில் எச்சரிக்கை. பிஸ்டன் சுவருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வைப்பது நல்ல வழிதான், ஆனால் ஸ்பிரிங் விரிய இடம் விட்டாக வேண்டும். தாளை வைத்தபின் ஸ்பிரிங் பிஸ்டனுக்குள் தன் எடையாலேயே இறங்க வேண்டும்.

பிரிக்க என்ன கருவிகள் வேண்டும்? ஆபத்தா?

ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் பிரிக்காதீர்கள். காக் செய்யாத நிலையிலும் ஸ்பிரிங் ஓரளவு அழுந்தியேதான் உட்கார்ந்திருக்கிறது. சில மாடல்களில் பின்மூடியைக் கழற்றியதும் அது 5 சென்டிமீட்டருக்கு மேலும் வெளியே தள்ளும். கையால் பிடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தவர்களின் விரலும் பல்லும் போயிருக்கின்றன. தச்சு வேலைக்கான நீளமான கிளாம்ப்பும், ஒரு முனையில் மரக்கட்டையும் இருந்தால் வீட்டிலேயே கம்ப்ரசர் செய்துகொள்ளலாம். திருகுமரையின் ஓட்டம் குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணாடி அணியுங்கள்.

முதலில் துப்பாக்கியில் பெல்லட் இல்லை, காக் செய்யப்படவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்கோப்பைக் கழற்றி, கட்டையைக் கழற்றி, கம்ப்ரசரில் பின்மூடியின்மேல் லேசான அழுத்தம் கொடுங்கள். அதன்பிறகுதான் மூடியைப் பிடிக்கும் முளைகளைத் தட்டி எடுக்க வேண்டும். மரையுள்ள பின்மூடி என்றால் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டே திருகிக் கழற்ற வேண்டும். பிறகு கம்ப்ரசரை மெதுவாகத் தளர்த்துங்கள். முளை இறுகி வராவிட்டால் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சுத்தியலை ஓங்க வேண்டாம். கழற்றும் ஒவ்வொரு துண்டையும் வந்த திசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

பிரித்தாயிற்று. எதைச் சரிசெய்வது?

பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானால் துடைத்தெடுங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டையும் மறக்காமல் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து, காக் செய்யும்போது பிஸ்டனைப் பின்னே தள்ளும் காக்கிங் கை என்னும் உலோகத் தண்டுக்காகச் சிலிண்டரில் நீளவாக்கில் வெட்டிய பிளவின் ஓரங்கள். இவை பல துப்பாக்கிகளில் கத்தி போலவே இருக்கும். பிஸ்டனை உள்ளே செருகும்போது புது சீலின் உதட்டை இந்த ஓரம் மெல்லியதாகச் சீவிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. சிறு அரத்தால் கூர்மையை மழுக்கி, 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். உலோகத் தூள் ஒரு துணுக்குகூட உள்ளே மிஞ்சக் கூடாது. சிலிண்டரின் உட்சுவரைக் கண்ணாடி போல மெருகேற்றும் ஆசை வேண்டாம். அதன் நுண்ணிய கீறல்களில்தான் மசகு தங்கும்.

ஸ்பிரிங்கை ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். தத்தித் தத்தி ஓடினால் வளைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். நேராக ஓடினால் முனைகளைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். ஸ்பிரிங் விரியும்போது சுழலவும் செய்யும். அந்தச் சுழற்சியில் கரடுமுரடான முனை டாப் ஹேட்டைக் கவ்வினால் துப்பாக்கியே கையில் லேசாக முறுக்கும். மெருகேற்றிய முனையும், அதன்கீழ் ஒரு வழுக்கு வாஷரும் அந்த முறுக்கலைப் பெரும்பாலும் போக்கிவிடும்.

பிஸ்டனின் பின் ஓரம் சிலிண்டரில் உரசிய பளபளப்பான தழும்பு ஒரே பக்கம் ஆழமாக இருந்தால் பிஸ்டன் சாய்ந்து ஓடுகிறது என்று பொருள். அந்த இடத்தில் டெல்ரின் பொத்தான்கள் பதிக்கலாம், ஆனால் அது லேத் வேலை தெரிந்தவரிடம் விடவேண்டியது.

சீல் சரியாகப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்?

ஸ்பிரிங் இல்லாமல், புது சீல் மாட்டிய பிஸ்டனை மட்டும் சிலிண்டருக்குள் விடுங்கள். கட்டைவிரலின் மிதமான அழுத்தத்தில் அது நகர வேண்டும். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளுங்கள். காற்று மெத்தை கையைத் திருப்பித் தள்ள வேண்டும், சில நொடி அப்படியே நிற்க வேண்டும். அடைத்தும் சுலபமாகப் போனால் சீல் சிறியது அல்லது கிழிந்தது. அடைக்காமலே இரண்டு கையாலும் தள்ளவேண்டியிருந்தால் சீல் பெரியது. பிஸ்டனைச் சுழற்றிக்கொண்டே 400 எண் தாளால் சுற்றிலும் சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது என்பதால் அவசரம் ஆகாது.

வாஷர் போட்டு ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டலாமா?

கூட்டலாம், ஆனால் முதலில் அளக்க வேண்டும். முழுக்க அழுந்திய ஸ்பிரிங்கின் நீளம் தோராயமாகக் கம்பியின் பருமனைச் சுருள்களின் எண்ணிக்கையால் பெருக்கியது. 3.1 மில்லிமீட்டர் கம்பியில் 33 சுருள் என்றால் 102.3 மில்லிமீட்டர். காக் செய்த நிலையில் டாப் ஹேட்டின் விளிம்புக்கும் கைடின் விளிம்புக்கும் நடுவே 112 மில்லிமீட்டர் இடம் இருந்தால் மிச்சம் கிட்டத்தட்ட 10. அதில் 3 மில்லிமீட்டரையாவது தொடாமல் விட வேண்டும். ஆக, 6.7 மில்லிமீட்டருக்கு மேல் வாஷர் போட இடமில்லை. மீறிப் போட்டால் பிஸ்டன் சியரில் மாட்டும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடும். அந்த நிலையில் பலம் கொடுத்து இழுத்தால் காக்கிங் கை வளையும்.

ஸ்பிரிங் சும்மா இருக்கும்போது அதற்கு ஆட்டம் இல்லாத அளவுக்கு அழுத்தம் வேண்டும், அதற்குமேல் கூட்டுவதில் மென்மை கிடைக்காது.

எந்த கிரீஸ், எங்கே, எவ்வளவு?

குறைவாக. தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

பிஸ்டனின் உடலுக்கும், அதன் பின்பகுதி சிலிண்டரில் உரசும் இடத்துக்கும் மாலி எனப்படும் மாலிப்டினம் டைசல்ஃபைடு பசை. இதைப் பூசக் கூடாது, விரலால் தேய்த்து உலோகத்தில் ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் சாம்பல் நிறம் மட்டும் தெரியவேண்டும், பசையின் திட்டு எதுவும் தெரியக் கூடாது. சீலின் பக்கச் சுவரில் அதே பசை இன்னும் மெல்லியதாக. சீலின் முன்முகத்தில் எதுவுமே வேண்டாம். காக்கிங் கை தேயும் இடம், கீல் வாஷர்கள், சியர் தொடும் முனை ஆகியவற்றுக்கு ஒரு மிளகளவு.

ஸ்பிரிங்குக்குத் தார் போன்ற அதிர்வடக்கி கிரீஸ். கைடு இறுக்கமாக இருந்தால் இது மிக மெல்லிய படலமாகப் போதும். சுருள்களின் வெளிப்புறத்தில் தடவி, துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மிஞ்சுவதே சரியான அளவு. சிலிகான் கிரீஸை உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் போடாதீர்கள், அந்தச் சுமையை அது தாங்காது. துரு போக்கத் தெளிக்கும் ஸ்பிரே எண்ணெய்கள் இந்தத் துப்பாக்கியின் உட்புறத்தை நெருங்கவே கூடாது. தோல் சீல் உள்ள பழைய துப்பாக்கிகள் மட்டும் விதிவிலக்கு. தோல் காய்ந்தால் காற்றைப் பிடிக்காது, அவ்வப்போது இரண்டு சொட்டு சிலிகான் சேம்பர் எண்ணெய் விடவேண்டும்.

சுட்டால் புகை வருகிறது, வெடிபோலச் சத்தம் கேட்கிறது.

சிலிண்டரில் எண்ணெய் எரிகிறது. காற்று திடீரென நசுங்கும்போது ஏறும் வெப்பத்தில் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்வதை டீசலிங் என்பார்கள். டீசல் இன்ஜினில் நடப்பதும் இதுவே. ட்யூன் செய்தபின் முதல் 20, 30 ஷாட்டுக்கு லேசான புகையும் எண்ணெய் எரிந்த வாசனையும் வந்தால் கவலைப்பட வேண்டாம். சுளீரென்ற வெடிச்சத்தம் வந்தாலோ, 50 ஷாட் தாண்டியும் புகை நிற்காவிட்டாலோ சீலுக்கு முன்னால் கிரீஸ் போயிருக்கிறது. மேலும் சுட்டு எரித்துவிடலாம் என்று தொடராதீர்கள். அந்த வெடிப்பு பிஸ்டனைப் பின்னே எறிந்து ஸ்பிரிங்கை உடைக்கும், சீலைக் கருக்கும். பிரித்துத் துடைப்பதுதான் வழி.

இன்னும் பலமான ஸ்பிரிங் போட்டால் என்ன?

காக் செய்யக் கை வலிக்கும், உதை கூடும், வேகம் எதிர்பார்த்த அளவு ஏறாது. சிலிண்டரின் கொள்ளளவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் எவ்வளவு காற்றை அனுப்புமோ அவ்வளவுதான் போகும். மிஞ்சிய பலம் முழுவதும் பிஸ்டன் மோதலாகவே வெளிப்படும். எங்கள் பரிந்துரை இதற்கு நேர் எதிரானது: உச்ச வேகத்திலிருந்து 5 சதவீதம்வரை விட்டுக்கொடுத்துப் பாருங்கள். பிடிக்கும் விதத்தில் வரும் சின்னப் பிழைகளைத் துப்பாக்கி மன்னிக்கத் தொடங்கும்.

சட்டமும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருக்க இங்கிலாந்தில் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். ஜெர்மனியில் 7.5 ஜூல். நீங்கள் இருக்கும் இடத்தின் வரம்பைத் தெரிந்துகொண்டு, ட்யூன் முடிந்ததும் பல எடை பெல்லட்டுகளால் வேகத்தை அளந்து குறித்துவையுங்கள்.

பேரல் மூடும் இடத்தில் காற்று கசிகிறதா?

பேரலின் பின்முனையில் இருக்கும் ஓ-ரிங்கைச் சொல்கிறீர்கள். மெல்லிய டிஷ்யூ தாளின் ஒரு கீற்றை மூடிய இணைப்பின் மேல் போட்டுவிட்டு, பாதுகாப்பான இலக்கை நோக்கி பெல்லட்டோடு சுடுங்கள். தாள் துள்ளிப் பறந்தால் கசிவு. ஓ-ரிங்கைக் கழற்றி, அதன் பள்ளத்தில் 0.2 மில்லிமீட்டர் தகட்டு வளையம் ஒன்றை வைத்து மேலே தூக்கலாம். பேரல் மூடும்போது லேசான எதிர்ப்பு தெரிந்தால் போதும். அதிகம் தூக்கினால் பேரல் முழுக்க மூடாது, குறி செங்குத்தாகச் சிதறும். ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தால் தூக்கிப் பயனில்லை, புதிதாக மாற்றுங்கள்.

டிரிகரை எவ்வளவு லேசாக்கலாம்?

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு 500 முதல் 700 கிராம் இழுப்பு நியாயமானது. அதற்குக் கீழே போகாதீர்கள். எடையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை மட்டும் தொடுங்கள். சியர்கள் ஒன்றையொன்று எவ்வளவு கவ்வுகின்றன என்பதை மாற்றும் ஸ்க்ரூவையும், சியரின் முகத்தையும் தொட வேண்டாம். அந்த முகங்களில் கெட்டிப்படுத்திய தோல் மிக மெல்லியது. அரமோ உப்புத்தாளோ பட்டால் அது போய்விடும், பிறகு துப்பாக்கி தானாகச் சுடும். வெய்ராவ் நிறுவனத்தின் ரெக்கார்டு போன்ற நல்ல டிரிகர்களுக்குச் சுத்தம் செய்து சியரில் துளி மாலி வைப்பதே போதுமானது.

மாற்றம் செய்தபின், பெல்லட் போட்டு, பேரலை முழுக்க மூடி, இலக்குத் தடுப்பை நோக்கிப் பிடித்தபடி பின்கட்டையின் அடியை உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்டுங்கள். ஒருமுறை தானாக விடுபட்டாலும் அந்த அமைப்பு கூடாது. எந்த டிரிகராக இருந்தாலும் பெல்லட் போடும் கை உள்ளே இருக்கும்வரை மறுகை பேரலையோ நெம்புகோலையோ விடக் கூடாது. சியர் நழுவினால் பேரல் விரலைத் துண்டிக்கும் வேகத்தில் மூடும்.

பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கலாமா?

கூடாது. காற்றைத் தடுக்க ஏதும் இல்லாததால் பிஸ்டன் முழுவேகத்தில் முன்சுவரில் மோதும்.

ட்யூன் செய்தபின் வேகம் முன்பைவிடக் குறைந்துவிட்டது.

குறைந்த வேகம் ஷாட்டுக்கு ஷாட் சீராக இருந்தால் பெரும்பாலும் கிரீஸ் அதிகம், அல்லது முன்பு இருந்த வேகம் டீசலிங்கால் வந்த பொய் வேகம். ஏறி இறங்கினால் சீல் செருகும்போது வெட்டுப்பட்டிருக்கும். உதைக்குப் பின் இன்னொரு சின்ன அடி தெரிந்தால் பிஸ்டன் துள்ளுகிறது. கொஞ்சம் லேசான பெல்லட் போட்டுப் பாருங்கள், அல்லது சீலின் உராய்வு குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். உலோகம் உலோகத்தில் மோதும் "டக்" என்ற கடின ஒலி வந்தால் பிஸ்டன் முன்சுவரைத் தொடுகிறது. அதற்குக் கனமான பெல்லட்டும் ஒரு வாஷர் குறைவும்தான் வழி.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு ஷாட்டுக்குள் கொஞ்சம் குட்டையாகி அங்கேயே நிலைக்கும். அதனால் 500 ஷாட் வரை வேகம் மெல்ல இறங்கிப் பிறகு நிற்பது கோளாறு அல்ல. கடைசி முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.

கேஸ் ராம் போட்டால் இதெல்லாம் தேவையில்லையா?

ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்த வாயு அடைத்த உருளையான கேஸ் ராமில் ரீங்காரமும் முறுக்கலும் இல்லை. சீல், பிசிறு, மசகு, கட்டை ஸ்க்ரூ எல்லாம் அங்கேயும் அப்படியே உண்டு. உதை வேகமாகவும் வெட்டென்றும் இருக்கும், சிலருக்கு அது பிடிப்பதில்லை. ராமை எக்காரணம் கொண்டும் பிரிக்கவோ துளைக்கவோ கூடாது.

பேரலை அடிக்கடி சுத்தம் செய்யலாமா?

குறி கெட்டால் மட்டும். நைலான் நூலில் துணித்துண்டைக் கட்டி, பின்பக்கமிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை போதும். பித்தளைத் தூரிகை வேண்டாம். சுத்தம் செய்த பேரல் மறுபடி ஒழுங்காகச் சுட 10 முதல் 20 ஷாட் எடுத்துக்கொள்ளும்.

மறுபடி எப்போது பிரிக்க வேண்டும்?

தேதியை வைத்து வேண்டாம், வேகமானியை வைத்து முடிவு செய்யுங்கள். நல்ல ட்யூன் பல ஆயிரம் ஷாட் தாங்கும். ட்யூன் முடிந்த அன்று எழுதிவைத்த வேகத்திலிருந்து, அதே பெல்லட்டில், அதே வெப்பநிலையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, ஷாட்டுகளின் வித்தியாசம் இரட்டிப்பானாலோ கம்ப்ரசரை எடுக்கலாம். துப்பாக்கியைக் காக் செய்த நிலையில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள், ஸ்பிரிங் தளரும். வைக்கும்போது வெளி உலோகத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. ஈய பெல்லட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.